பல்கலைக்கழக விண்ணப்பக் காலத்தில் பெற்றோர் எங்கே நிற்க வேண்டும்?

பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள் விண்ணப்பங்களை இன்னும் தொடங்கவில்லை என்றும், அதைப் பற்றிக் கேட்டாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்றும், கடைசி நாள் தவறிவிடுமோ என்ற அச்சத்தில் படிவங்களை நீங்களே நிரப்பிவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்பது உங்கள் கேள்வி. எந்த வேலைகளில் தலையிடலாம் என்று கேட்டால் விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கும். குடும்பத்தின் பண நிலையைச் சொல்வது, ஆவணங்களைத் திரட்டுவது, கடைசி நாட்களைக் கண்காணிப்பது, வீட்டில் அவளுக்கு நிம்மதியான சூழலை அமைத்துத் தருவது ஆகியவை பெற்றோரின் வேலைகள். பதினேழு வயதுப் பிள்ளையால் இவற்றைத் தனியே செய்ய இயலாது. பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, கட்டுரை எழுதுவது, நேர்காணலில் பேசுவது, பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவது ஆகியவை அவளுடைய வேலைகள். மூன்று நான்கு ஆண்டுகள் அந்த முடிவுகளோடு வாழப்போகிறவள் அவள். சேர்க்கை ஆலோசனையில் நான் பார்த்தவரை, பெரும்பாலான வீடுகளில் இந்தப் பிரிவினை தலைகீழாக இருக்கிறது. கட்டுரையில் வரிக்கு வரி திருத்தம் போடும் பெற்றோர், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

முதலில் அந்தச் சாத்திய கதவைப் பற்றி. விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டுவது எளிது; ஆனால் நான் கண்ட பிள்ளைகளில் பலர் அஞ்சியே தள்ளிப்போட்டார்கள். படிவத்தைத் திறந்தால் தன் மதிப்பெண்ணையும் திறமையையும் முன்பின் தெரியாத ஒருவரின் தீர்ப்புக்கு வைக்க வேண்டும். திறக்காதவரை எல்லாக் கதவுகளும் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். இந்த நிலையில் காலையில் ஒரு முறை, சாப்பிடும்போது ஒரு முறை, தூங்கப்போகும் முன் ஒரு முறை என்று நினைவூட்டுவது அச்சத்தைப் பெருக்குமே தவிர வேலையை நகர்த்தாது. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தை, அரை மணிக்கு மிகாமல், இதற்கென ஒதுக்குங்கள். அந்த நேரத்தையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். அந்த வாரம் என்ன முடிந்தது, அடுத்து எது, யார் செய்வது என்று மட்டும் பேசுங்கள். மற்ற ஆறு நாட்களும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள். பெற்றோர் இருவரில் ஒருவரே இதைக் கவனிப்பது நல்லது. அம்மா ஒரு தேதியும் அப்பா வேறு தேதியும் சொன்னால் பிள்ளை இரண்டையும் நம்பாது. உறவினர்கள் கேட்கும் ‘எங்கே போடப்போகிறாய்’ என்ற கேள்விக்கு நீங்களே முன்வந்து பதில் சொல்லி, அவளை அதிலிருந்து விடுவியுங்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுள்ளோருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. தேர்வும் விண்ணப்பமும் ஒரே காலத்தில் நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த உறக்கம்தான் என்பதால், அதைக் காப்பதையும் உங்கள் பொறுப்புகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த முறையில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் உதவப் புகுந்தால் உதவி தவறான இடத்தில் போய் விழும். உலகில் பல முறைகள் இருந்தாலும் மூன்று வகைகளை அறிந்தால் பெரும்பாலும் போதும். மதிப்பெண் அல்லது நுழைவுத்தேர்வுத் தரவரிசையை மட்டும் வைத்துக் கலந்தாய்வு நடத்தி இடம் ஒதுக்குவது ஒரு வகை. தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கை அப்படிப்பட்டது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிட்ட கட்-ஆஃப் ஒன்றே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. இங்கே கட்டுரைக்கு வேலையே இல்லை. விருப்பப் பட்டியலின் வரிசைதான் எல்லாம். இரண்டாவது, பிரிட்டன் முறை. யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் வழியாக அதிகபட்சம் 5 தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆசிரியர்கள் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்து, இன்ன தரம் வந்தால் இடம் உறுதி என்று நிபந்தனையுடன் பல்கலைக்கழகம் இடம் தருகிறது. ஆகஸ்டில் தேர்வு முடிவு வந்த பிறகே அது உறுதியாகிறது. மூன்றாவது, அமெரிக்க முறை. அங்கே மதிப்பெண்ணோடு கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், வகுப்பறைக்கு வெளியே செய்தவை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்; காமன் ஆப் என்ற பொதுப் படிவத்தின் வழியாக 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். அதிலும் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கூடுதல் கேள்விகள் கேட்கக்கூடும் என்பதால், இருபதுக்கும் விண்ணப்பிப்பது பெரும்பாலும் வீண் களைப்பு.

ஒரே ஆண்டில் இரண்டு மூன்று நாடுகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குக் கடைசி நாட்களே பெரிய தலைவலி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றுக்கும், பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் அக்டோபர் 15 கடைசி நாள். மற்ற இளநிலைப் படிப்புகளுக்கு ஜனவரி. அந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே ஆண்டில் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். அமெரிக்காவில் முன்கூட்டிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்திலும் வழக்கமானவை ஜனவரி தொடக்கத்திலும் முடிகின்றன. இந்தத் தேதிகளை எல்லோரும் பார்க்கும்படி ஒரு தாளில் எழுதி ஒட்டுவது பெற்றோர் செய்யக்கூடிய நல்ல உதவி. உண்மையான கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாக வீட்டுக் கடைசி நாள் ஒன்றை அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். இணையதளம் முடங்குவதும், பணம் செலுத்தும் பக்கம் நடுவில் நின்றுபோவதும் கடைசி நாளன்று அதிகம் நடக்கும்.

இனிப் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்கு உண்மையான காயம் ஏற்படுவது இங்கேதான். விண்ணப்பிக்கும்போது ‘பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டு, சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு ‘இவ்வளவு கட்ட நம்மால் முடியாது’ என்று சொல்வதைவிடக் கொடுமையானது இந்தக் காலத்தில் வேறில்லை. அந்தச் சொற்களில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதமாக அந்த வளாகத்தில் தன்னைக் கற்பனை செய்துகொண்ட பிள்ளைக்கு, பல்கலைக்கழகம் மறுத்ததைவிட வீடு மறுத்தது நெடுநாள் வலிக்கும். ஆகவே பட்டியல் போடுவதற்கு முன்பே, ஆண்டுக்கு எவ்வளவு செலவு செய்ய முடியும், அதில் எவ்வளவு கையிருப்பு, எவ்வளவு கடன், அந்தக் கடனைப் பின்னால் யார் அடைப்பது என்பதை எண்களாகச் சொல்லுங்கள். படிப்புக் கட்டணத்தோடு நின்றுவிடாமல் தங்குமிடம், உணவு, பயணம், நூல், மருத்துவக் காப்பீடு, வெளிநாடு என்றால் விசா, ஆண்டுதோறும் ஏறும் கட்டணம், நாணய மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கம் ஆகிய அனைத்தையும் படிப்பு முடியும் வரைக்கும் கூட்டிப் பாருங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு மூன்றாம் ஆண்டில் தவிக்கும் குடும்பங்கள் குறைவில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளைப் பொறுத்தவரை, விளம்பரப்படுத்தும் கட்டணமும் ஒரு குடும்பம் உண்மையில் செலுத்தும் தொகையும் ஒன்றல்ல. அந்நாட்டு நடுவண் அரசின் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் நிகரச் செலவுக் கணிப்பான் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். குடும்ப வருமான விவரங்களைத் தந்தால் அது தோராயத் தொகையைக் காட்டும். ஆனால் பல கல்லூரிகளின் கணிப்பான் அந்நாட்டு மாணவரை மனத்தில் வைத்து அமைந்தது, வெளிநாட்டு மாணவருக்கான உதவித்தொகை விதிகள் வேறாக இருக்கும். ‘எர்லி டிசிஷன்’ என்ற முன்கூட்டிய விண்ணப்ப வகை குறித்துச் சிறப்பாக எச்சரிக்க விரும்புகிறேன். இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன், பிற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன் என்ற உறுதிமொழி அது. மாணவரோடு பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் அதில் கையெழுத்திடுகிறார்கள். நிதியுதவி போதவில்லை என்றால் விலகலாம் என்றாலும், பல கல்லூரிகள் தரும் உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை அது பறித்துவிடுகிறது. பணம் ஒரு கட்டுப்பாடாக இருக்கும் குடும்பம் கணிப்பானைப் பார்க்காமல் இதில் கையெழுத்திடக் கூடாது என்பேன்.

பணத்தின் எல்லை தெரிந்த பிறகு, அந்த எல்லைக்குள் பட்டியலைப் போடுவது அவள் வேலை. இங்கே பெற்றோர் நல்லெண்ணத்தோடு தரும் ஓர் அறிவுரை பிள்ளையின் இடத்தையே மாற்றிவிடுகிறது. ‘கிடைக்காததை முதலில் போட்டு வாய்ப்பை வீணாக்காதே, கிடைக்கக்கூடியதை மேலே போடு’ என்கிறார்கள். தரவரிசைக் கலந்தாய்வுகளில் இது தவறு. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962-இல் வெளியிட்ட ஒதுக்கீட்டு வழிமுறையில், மாணவர் தம் உண்மையான விருப்ப வரிசையைத் தருவதால் எந்த நிலையிலும் இழப்பு வராது. ஷாப்லியும் ஆல்வின் ராத்தும் 2012-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றதற்கு இத்துறை ஆய்வுகளே காரணம். இந்தியாவில் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஆகியவற்றுக்கு 2015 முதல் சேர்ந்து நடக்கும் இட ஒதுக்கீடு இந்த வழிமுறையை அடிப்படையாகக் கொண்டது. தரவரிசைப்படி ஒவ்வொருவருக்காக இடம் தரும் எளிய முறைக்கும் இதே பண்பு உண்டு. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் இரண்டாவதில் உங்கள் மகளின் தரவரிசை அப்படியே மதிக்கப்படும். மேலே ஒன்றைப் போட்டதற்காக அங்கே அவள் பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. மாறாக, விரும்பாத ஒன்றை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே போட்டவை எதுவும் பரிசீலனைக்கே வராது. கிடைத்தாலும் உண்மையில் சேர மாட்டோம் என்று நினைப்பதைப் பட்டியலில் சேர்க்காமல், மற்ற அனைத்தையும் விருப்பப்படி நீளமாக நிரப்புவதே சரி. எத்தனை தேர்வுகள் என்பதற்கு வரம்பு இருக்கும் இடங்களில் மட்டும் கணக்கு மாறுகிறது. யூகாஸின் ஐந்தையும் எட்டாத உயரத்தில் வைத்தால் கையில் ஒன்றுமில்லாமல் போகலாம். அதனால் எட்டுவதற்கு அரிதானது, பொருந்துவது, உறுதியாகக் கிடைப்பது என்று கலந்து போட வேண்டியிருக்கிறது. உறுதியாகக் கிடைப்பது என்று வைத்ததிலும் அவள் மனமுவந்து படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெயர் பெற்ற நிறுவனமா, பிடித்த பாடமா என்ற வழக்கு பல வீடுகளில் நடக்கிறது. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதில் கவனிக்கத்தக்கது. மிகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரிகளில் படித்தவர்களையும், அதே அளவு திறமையிருந்தும் அத்தகைய இடங்களை விட்டு வேறு கல்லூரிகளுக்குச் சென்றவர்களையும் ஒப்பிட்டபோது, பிற்கால வருமானத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் அத்தகைய கல்லூரியால் நன்மை இருந்தது. ஒரு நாட்டின் ஆய்வை எல்லா நாட்டுக்கும் பொருத்திவிட முடியாது. சில துறைகளில், சில நாடுகளில் நிறுவனத்தின் பெயர் முதல் வேலைக்கு உதவத்தான் செய்கிறது. ஆயினும் பாடத்தைப் பிடிக்காமல் இரண்டாம் ஆண்டில் திணறும் மாணவருக்கு நிறுவனத்தின் பெயர் எதுவும் செய்துவிடாது என்பதே என் துணிபு. உங்கள் கருத்தைச் சொல்லாமல் விழுங்க வேண்டியதில்லை. ஒரு முறை, காரணங்களோடு, முழுமையாகச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பாடத்திட்டத்தைப் பருவம் பருவமாக அவளை வாசிக்கச் சொல்லி, எந்தத் தாள் பிடிக்கிறது, எது அச்சமூட்டுகிறது என்று கேளுங்கள். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தவர்கள் பலர் இந்த ஒரு வாசிப்பிலேயே மனம் மாறியிருக்கிறார்கள்.

கட்டுரைக்கு வருவோம். யூகாஸ் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்கிறது: இந்தப் பாடம் ஏன், உன் படிப்பு எப்படி உன்னைத் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துகள். காமன் ஆப்பின் முதன்மைக் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொற்கள். இந்த அளவுக்குள் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் குரல் கேட்க வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் திருத்தியது, ஆண்டுதோறும் பல நூறு கட்டுரைகளைப் படிப்பவர்களுக்கு இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஆகவே கையில் பேனா இல்லாமல் படியுங்கள். எங்கே புரியவில்லை, எந்த வரியில் உன்னைப் பார்த்தேன், இது யாருக்கும் பொருந்துமே, இதில் நீ எங்கே என்று மட்டும் கேளுங்கள். எழுத்துப்பிழையைச் சுட்டலாம், வாக்கியத்தை மாற்றி எழுதித் தரக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருவோரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இதே வகைதான்: அவற்றில் உருவாக்கியதைச் சொந்த எழுத்தாகக் கொடுப்பதை யூகாஸ் ஏமாற்றாகக் கருதக்கூடும், காமன் ஆப் மோசடியாகவே வரையறுத்திருக்கிறது. இந்தப் பாதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்த சேர்க்கை ஊழல் சான்று. தேர்வு மதிப்பெண்ணைத் திருத்தவும், ஆடாத விளையாட்டில் பிள்ளையை வீரராகக் காட்டவும் பணம் கொடுத்த குற்றச்சாட்டில் 33 பெற்றோர்கள் சிக்கினார்கள். சிலர் சிறை சென்றார்கள். தங்கள் பெயரில் என்ன நடந்தது என்றே அறியாத பிள்ளைகளும் அதில் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் துயரம் தரும் செய்தி.

பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால், ஆசிரியரிடம் அவளே போய்க் கேட்க வேண்டும், அதுவும் ஒரு மாதமாவது முன்னதாக. படிவம் சார்ந்த சின்ன விஷயங்களில் நீங்கள் தாராளமாகக் கைகொடுக்கலாம். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரி படிப்பு முடிந்ததும் முடங்கிவிடக்கூடும் என்பதால், அவளுக்கென நிலையான முகவரி ஒன்று வேண்டும், ஓ.டி.பி. வரும் கைப்பேசி எண்ணும் அவளுடையதாகவோ, எப்போதும் அவள் கைக்கு எட்டுவதாகவோ இருக்கட்டும். எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். திருத்தம் வாங்க வாரக்கணக்கில் ஆகும். கணக்கின் கடவுச்சொல் அவளிடம் இருக்கட்டும், அவளாகப் பார்க்க அழைத்தால் பாருங்கள். பதினெட்டு வயது நிறைந்ததும், அல்லது பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடுகிறது என்று அமெரிக்காவில் 1974-இல் வந்த சட்டம் சொல்கிறது. பிரிட்டனிலும் விண்ணப்பதாரர் உங்களைத் தம் சார்பில் பேச நியமித்திருந்தால் ஒழிய யூகாஸ் உங்களிடம் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசாது. படிவத்தை நீங்களே நிரப்பலாமா என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி, படிவத்தின் இறுதியில் இருக்கும் உறுதிமொழி: இதில் உள்ளவை யாவும் உண்மை என்று அவள்தான் அறிவிக்கிறாள். அருகில் உட்கார்ந்து வருமான விவரத்தையும் முகவரியையும் எடுத்துச் சொல்லுங்கள்; தட்டச்சு செய்வதும் அனுப்புவதும் அவளே.

முடிவுகள் வரும் நாளுக்கான ஏற்பாட்டை முடிவுகள் வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். கடிதத்தைத் தனியாகத் திறப்பதா, வீட்டாரோடு திறப்பதா என்று அவளிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மறுப்பு வந்தால் அன்றைக்கு ஆறுதலாக எதையும் விளக்க முயல வேண்டாம். ‘இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்’ என்பதும், ‘அந்த இடமே சரியில்லை, விடு’ என்பதும் ஒரே அளவு தீங்கு செய்பவை. முன்னது அவளைக் குறை சொல்கிறது, பின்னது அவள் விரும்பியதை இழிவுபடுத்துகிறது. ‘வருத்தமாக இருக்கிறது, எனக்கும்தான்’ என்றால் போதும். ஓரிரு நாள் கழித்து அடுத்த வழியைப் பேசலாம். பிரிட்டனில் ஜூலை முதல் அக்டோபர் வரை, நிரம்பாத இடங்களுக்கான கிளியரிங் நடக்கிறது. அமெரிக்காவில் காத்திருப்போர் பட்டியல் உண்டு, ஆனால் அதை நம்பி வேறு இடத்தை விட்டுவிடக் கூடாது. இந்தியக் கலந்தாய்வுகளில் அடுத்தடுத்த சுற்றுகள் இருக்கின்றன. வாரக்கணக்கில் உறங்காமல், சாப்பிடாமல், நண்பர்களைத் தவிர்த்து, வாழ்ந்தே பயனில்லை என்பதுபோல் பேசினால் அது விண்ணப்பம் தொடர்பான வருத்தத்தைத் தாண்டிவிட்டது; தயங்காமல், அன்றே, மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நாடுங்கள்.

இடம் கிடைத்த மகிழ்ச்சியில் பெற்றோர் தளர்ந்துவிடும் கட்டம் ஒன்று இருக்கிறது. கையில் வந்த இடங்கள் அங்கேதான் பறிபோகின்றன. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஒதுக்கீட்டில் இடம் வந்தவர் ஃப்ரீஸ், ஸ்லைட், ஃப்ளோட் என்ற மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்: இதுவே போதும், இதே நிறுவனத்தில் மேலான பாடம் வந்தால் மாறுவேன், எங்கே மேலானது வந்தாலும் மாறுவேன். உரிய நாளுக்குள் இணையத்தில் பதிவு செய்து கட்டணம் செலுத்தாவிட்டால், தரவரிசை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இடம் போய்விடும். யூகாஸில் உறுதியான தேர்வு ஒன்று, காப்புத் தேர்வு ஒன்று என இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறுக்க வேண்டும். காப்புத் தேர்வு கேட்கும் தரம் முதல் தேர்வைவிடக் குறைவாக இருந்தால்தான் அது காப்பு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும், இரண்டு இடங்களில் முன்பணம் கட்டி வைத்துக்கொள்வது அங்கே முறைகேடு. பணத்தை உரிய நாளில் கட்டி ரசீதைச் சேமிப்பது உங்கள் பங்கு. சேரப்போவதில்லை என்று முடிவான கல்லூரிகளுக்கு, அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போகும்படி, மறுப்புக் கடிதத்தைத் தாமதிக்காமல் அவளே எழுதட்டும்.